திண்ணையில் ஐந்து நிமிடம்

வீடு வீடாகப் போய் பிரஷரும் சுகரும் பார்க்கிற வேலையில் எழுதப்படும் பதிவேடுகளில் சில பக்கங்கள் பார்த்த உடனே நெருடும். 120/80, 130/80, 140/90, 130/90, மறுபடியும் 120/80. மேலிருந்து கீழ்வரை எல்லாமே சைபரில் முடிந்திருக்கும். கையில் இருப்பதோ டிஜிட்டல் மெஷின். அது 127 காட்டும், 133 காட்டும், 141 காட்டும். கடைசி இலக்கம் 0 முதல் 9 வரை எதுவாகவும் வரலாம் என்பதால், பத்து அளவுக்கு ஒன்றுதான் சைபரில் முடிய வேண்டும். நாற்பது பேருடைய மேல் அளவு இருக்கும் பக்கத்தில் நாலைந்து சைபர் இருந்தால் இயல்பு. நாற்பதும் சைபர் என்றால் அந்தப் பக்கத்தை நம்பி யாருக்கும் மாத்திரை கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. 146 என்று வந்தவரை 140 என்று எழுதினால் ஆறு புள்ளிதானே என்று தோன்றும். ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் அந்த ஆறு புள்ளியை வைத்துத்தான் இந்த மாதமும் இதே மாத்திரை போதுமா என்று முடிவு செய்கிறார்.

இதைச் சோம்பேறித்தனம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழக அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியதிலிருந்து, வாசல் தேடி வரும் ஆட்கள் கூடியிருக்கிறார்கள். மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்த சுகாதாரத் தன்னார்வலர்கள், படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கும் நோய் ஆதரவுச் சிகிச்சை நர்ஸ், பிசியோதெரபிஸ்ட் என்று பலர். 2024-ல் ஐ.நா. விருதும் வந்தது. பதவிப் பெயர் எதுவானாலும், பகுதிநேரமாக இந்த வேலைக்கு வரும் நர்சுக்கு ஊசியும் மாத்திரையும் அத்துப்படியாக இருக்கும். ஆஸ்பத்திரி வார்டில் பத்து வருஷம் நின்றவராகக்கூட இருப்பார். அவருக்குத் தெரியாமல் போவது வேறு. வார்டில் நோயாளி ஏற்கெனவே கட்டிலில் ஓய்வாகக் கிடக்கிறார். ஊருக்குள் அவர் அப்போதுதான் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வருகிறார். இந்த இரண்டு உடம்பும் ஒன்றல்ல என்பதை முதல் வாரத்திலேயே யாராவது சொல்லிக்கொடுத்தால், சைபர் பக்கங்களில் பாதி இல்லாமல் போகும் என்பது என் எண்ணம்.

நேரக் கணக்கு எங்கே இடிக்கிறது

காலை 7 மணியிலிருந்து 11 மணி வரை வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். 240 நிமிடம். 24 வீடு பார்க்க வேண்டும் என்றால் வீட்டுக்குப் பத்து நிமிடம். நடப்பதற்கும், வாசலில் நின்று கூப்பிடுவதற்கும், நாயைப் பிடித்துக் கட்டுவதற்கும் மூன்று நிமிடம் போய்விடும். மீதி ஏழு. பிரஷர் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் உட்கார வைக்க வேண்டும், ஒரு நிமிட இடைவெளி விட்டு இரண்டு முறை பார்க்க வேண்டும் என்பது பாடம். அதற்கே எட்டு நிமிடம் ஆகிறது, இன்னும் பேனாவைத் திறக்கவில்லை. கணக்கு இடித்தால் முதலில் வெட்டுப்படுவது அந்த ஐந்து நிமிடம்தான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சும்மா உட்கார்ந்திருப்பது மாதிரி தெரிகிறது. வேலை செய்கிறவருக்கே சில நாளில் அப்படித்தான் தோன்றும். அது போனதும் இரண்டாவது அளவு போகும். அதுவும் போன பிறகு, முதல் அளவைப் பார்த்து 'இவங்களுக்கு இவ்வளவு இருக்காதே' என்று மனசே ஒரு எண்ணைத் திருத்தி எழுதத் தொடங்கும். சைபர்கள் பிறக்கிற இடம் இதுதான்.

இதற்கு வழி வீடு வீடாகப் போவதை விட்டுவிட்டுக் கொத்துக் கொத்தாகப் போவது. அடுத்தடுத்த மூன்று வீட்டிலிருந்து மூன்று பேரை ஒரே திண்ணைக்குக் கூப்பிடுங்கள். மூவரையும் முதலில் ஒண்ணுக்குப் போய்விட்டு வரச் சொல்லுங்கள். நிரம்பிய சிறுநீர்ப்பை மட்டுமே பிரஷரைப் பத்துப் புள்ளி வரை தூக்கிவிடும். பிறகு மூவரும் ஒரே ஐந்து நிமிடத்தை உட்கார்ந்து கழிக்கிறார்கள். அப்புறம் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகப் பார்த்து, மறுபடி முதலாமவரிடமிருந்து தொடங்கலாம். ஒருவருடைய இரண்டு அளவுக்கும் நடுவில் வேண்டிய இடைவெளி தானாகவே கிடைத்துவிடுகிறது. மூன்று பேருக்கும் சேர்த்துப் பன்னிரண்டு நிமிடம், எழுத இன்னும் மூன்று. தனித்தனியாகப் போனால் அரை மணியைத் தாண்டும். இதில் ஒரே ஒரு சிக்கல் உண்டு. கூட்டத்தில் எண்ணை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. 'உனக்கு நூத்தி எழுபதாமே' என்று மத்தியானத்துக்குள் தெரு முழுக்கப் பேசும். மெஷின் திரையை அவருக்கு மட்டும் காட்டினால் போதும். எழுத்துத் தெரியாதவர் என்றால் கடைசியில் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம்.

யார் எப்போது வீட்டில் இருப்பார் என்பது அடுத்த கணக்கு. பால் சொசைட்டிக்குப் போகிறவர் ஆறரைக்கு இருக்க மாட்டார், ஏழரைக்கு இருப்பார். நூறு நாள் வேலைக்குப் போகிறவர் எட்டரைக்குள் கிளம்பிவிடுவார். புதன்கிழமை தடுப்பூசி நாள் என்பதால் கிராம சுகாதார செவிலியரைப் போனில்கூடப் பிடிப்பது கஷ்டம். அவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டிய நோயாளிகளை அன்றைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம். முதல் பத்து நாளில் ஒரு நோட்டில் வீட்டு எண்ணுக்கு எதிரே ஆள் இருக்கும் நேரத்தை மட்டும் குறித்து வாருங்கள். அந்த நோட்டு பிறகு எந்த வரைபடத்தையும்விட உதவும்.

164 எப்படி 138 ஆகிறது

எந்த ஊரிலும் தினமும் நடக்கும் ஒரு காட்சி. அறுபத்தைந்து வயது அம்மா. குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து திண்ணையில் உட்காருகிறார். வாயில் வெற்றிலையும் கொஞ்சம் புகையிலையும். திண்ணை உயரம், அதனால் கால் தரையைத் தொடாமல் தொங்குகிறது. முதுகுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. ரவிக்கைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றுகிறார், அது கயிறு மாதிரி கையை இறுக்குகிறது. பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தியதுமே, "பெங்களூருல இருக்கிறவன் ஒரு போன் பண்ணமாட்டேங்கிறான் கண்ணு" என்று மகன் கதை ஆரம்பிக்கிறது. கை தொடைமேல் கிடக்கிறது. மெஷின் 164/94 என்று காட்டுகிறது.

இதில் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு எண்ணைத் தூக்குகிறது. பட்டை இதயத்தின் மட்டத்துக்குக் கீழே இருந்தால் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் முக்கால் புள்ளிக்கும் சற்று அதிகமாக ஏறும். பத்து சென்டிமீட்டர் இறங்கிக் கிடந்தால் ஏழெட்டுப் புள்ளி. பேசிக்கொண்டிருந்தால் பத்து வரை. முதுகுக்கும் காலுக்கும் பிடிமானம் இல்லாவிட்டால் ஐந்து முதல் பத்து. புகையிலையும் டீயும் அரை மணி நேரத்துக்கு வேலை காட்டும். சுருட்டிய துணி இறுக்கினால் எவ்வளவு என்று சொல்லவே முடியாது. எல்லாவற்றையும் அப்படியே கூட்டிவிட முடியாதுதான். ஆனாலும் இருபது, இருபத்தைந்து புள்ளி பிசகுவது அதிசயமே இல்லை.

இப்போது சரிசெய்வோம். வெற்றிலையைத் துப்பி வாய் கொப்பளித்துவிட்டு வரட்டும். புகையிலை அடங்க அரை மணி ஆகும் என்பதால் இவரை அந்தத் தெருவில் கடைசியாக வைத்துக்கொள்வது நல்லது. திரும்பி வந்ததும் சுவரோடு முதுகு சாய்த்து உட்கார வைக்கலாம். தொங்கும் காலுக்குக் கீழே ஒரு மணைப்பலகை, இல்லை கவிழ்த்த வாளி, இல்லை இரண்டு செங்கல். கால்மேல் கால் வேண்டாம். ரவிக்கை தளர்வாக இருந்தால் கையைத் துணியிலிருந்து முழுசாக வெளியே எடுத்துவிட்டு முந்தானையால் மூடிக்கொள்ளச் சொல்லலாம். இறுக்கமாக இருந்தால் உள்ளே போய் மாற்றிக்கொண்டு வரட்டும், அதற்கான இரண்டு நிமிடம் வீண் போகாது. பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே இருக்க வேண்டும். இரண்டு விரல் உள்ளே நுழையும் அளவுக்கு இறுக்கம் போதும். கைக்கு அடியில் ஒரு தலையணை, அதுவும் இல்லையென்றால் நீங்கள் கொண்டுபோகும் பையே போதும். பட்டை நெஞ்சின் நடுமட்டத்துக்கு வந்தால் சரி. ஐந்து நிமிடம் கழித்து, "அம்மா, இது ஊதி முடிக்கிற வரைக்கும் நானும் பேசமாட்டேன், நீங்களும் பேசாதீங்க, அப்புறம் பையன் கதையைச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். 142/86. ஒரு நிமிடம் விட்டு மறுபடி, 138/84.

ஐந்து நிமிடம் என்பது எண்ணைக் குறைத்துக் காட்டும் தந்திரம் இல்லை. இத்தனையும் செய்த பிறகும் 164 வந்தால் அந்த அம்மாவுக்கு நிஜமாகவே 164 இருக்கிறது. இனி யாரும் அதை 'அவசரத்துல பார்த்தது' என்று தள்ளிவிட முடியாது. டாக்டரிடம் எழுதி அனுப்பும்போது உங்கள் எண்ணுக்கு எடை வருவது இதனால்தான்.

பட்டையின் அளவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் எத்தனை நிமிடம் உட்கார வைத்தாலும் இந்தத் தப்பு சரியாகாது. மெஷினோடு வரும் நடுத்தரப் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள கைக்கு. தடித்த கைக்குச் சின்னப் பட்டை சுற்றினால் இல்லாத பிரஷர் இருப்பதாகக் காட்டும். எலும்பும் தோலுமான பாட்டிக்குப் பெரிய பட்டை சுற்றினால் இருக்கும் பிரஷரை மறைக்கும். தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப் ஒன்று பையில் இருக்கட்டும். ஒவ்வொருவர் கையையும் ஒரே ஒரு தடவை அளந்து பெயருக்குப் பக்கத்தில் குறித்துவிட்டால் பிறகு அளக்க வேண்டியதில்லை. நாடி ஒழுங்கில்லாமல் துடிக்கிறவர்களுக்கு டிஜிட்டல் மெஷின் தடுமாறும். அப்படிப்பட்டவரை நிலையத்தில் கையால் பார்க்கச் சொல்லி அனுப்புவதே நல்லது. பேட்டரி தளர்ந்தாலும் மெஷின் கோளாறு காட்டும், ஒரு செட் உபரியாக வேண்டும்.

காத்திருக்கும் நேரத்தில்

அந்த ஐந்து நிமிடத்தில் அவர்தான் சும்மா இருக்க வேண்டும், நீங்கள் இல்லை. மாத்திரை அட்டையை வாங்கி எண்ணிப் பாருங்கள். 30 மாத்திரை கொடுத்து 20 நாள் ஆகியிருந்தால் 10 மீதி இருக்க வேண்டும். 18 இருந்தால் எட்டு நாள் போடவில்லை. 'மாத்திரை சரியா போடுறீங்களா' என்ற கேள்விக்கு ஊரில் ஒரே பதில்தான், ஆமாம். "போன வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று அளவு பார்த்த பிறகு கேட்டால் உண்மை வரும், ஏனென்றால் விட்டுப்போவது சகஜம்தான் என்று நீங்களே ஒத்துக்கொண்டுவிட்டீர்கள். வரும் பதில்களும் பெரும்பாலும் தெரிந்தவையே. தலை பாரமாக இருக்கும் அன்றைக்கு மட்டும் போடுகிறவர் ஒருவர். மனைவியின் அட்டையிலிருந்து எடுத்துப் போடும் கணவர் ஒருவர். ரத்தம் எடுக்க வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள் என்று பிரஷர் மாத்திரையையும் போடாமல் வருகிறவர் ஒருவர். கடைசியாகச் சொன்னவரின் அன்றைய அளவை வைத்து மாத்திரையைக் கூட்டினால், மறுநாள் ஒழுங்காகப் போடும்போது தலைசுற்றி விழுவார். அதனால் அளவுக்குப் பக்கத்தில் 'இன்று மாத்திரை போடவில்லை' என்று எழுதியே ஆக வேண்டும்.

அடுத்தது கால். கணுக்காலில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை போடுகிற பலருக்குக் கால் வீங்கும். கிட்னி போய்விட்டது என்று பயந்து தானாகவே நிறுத்திவிடுவார்கள். வீக்கத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம், அதை டாக்டர் பார்க்கட்டும். ஆனால் நிறுத்தியதற்குக் காரணம் வீக்கம் என்ற செய்தி உங்கள் வழியாகத்தான் அவருக்குப் போகும். எனாலப்ரில் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரைக்குச் சிலருக்கு வறட்டு இருமல் வரும். சுகர் மாத்திரையான மெட்பார்மின் வெறும் வயிற்றில் போட்டால் வயிறு கெடும், சாப்பாட்டோடு போடச் சொன்னால் பாதிப் புகார் தீரும். சுகர் உள்ளவர் என்றால் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை உங்கள் சுட்டுவிரலால் இலேசாகத் தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டவும் கூடாது, ஒன்றிரண்டு நொடி தொட்டால் போதும். ஆறு இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் காலில் முள் குத்தினாலும் அவருக்குத் தெரியாமல் போகலாம். கருவி எதுவும் வேண்டாத சோதனை இது.

பெரியவர்கள் 'எழுந்தா கிறுகிறுங்குது' என்றால், உட்கார்ந்த அளவு எடுத்த பிறகு நிற்க வைத்து ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் டாக்டருக்குச் சொல்ல வேண்டும். விழுந்து இடுப்பு எலும்பு உடைந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

சுகர் பார்க்கும்போது

இங்கே தப்பு நடப்பது விரல் நுனியில். மாம்பழம் நறுக்கிய கையோடு, வெல்லம் தட்டிய கையோடு வந்து விரலை நீட்டுவார்கள். தோலில் ஒட்டிய இனிப்பும் ரத்தத்தோடு சேர்ந்து 110 இருப்பவருக்கு 200-க்கு மேல்கூடக் காட்டிவிடும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் அது போய்விடும் என்று நம்பக் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, ஈரம் இல்லாமல் வர வேண்டும். விரல் நுனியின் நட்ட நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ரத்தம் வரவில்லை என்று பிழியக் கூடாது, கையைத் தொங்கவிட்டு உள்ளங்கையிலிருந்து நீவிவிட்டால் வரும். சுகர் மெஷினில் செருகும் ஸ்ட்ரிப் டப்பாவை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைக்கும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள். மே மாத வெயிலில் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சூட்டில் ஸ்ட்ரிப்பும் கெடும், இன்சுலினும் கெடும். பிரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலினைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சின்ன மண்சட்டிக்குள் வைத்து, அந்தச் சட்டியை ஈரமணல் நிரப்பிய பெரிய சட்டிக்குள் வைக்கச் சொல்லலாம். மணல் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரிட்ஜ் இருக்கும் வீட்டில் பனிக்கட்டி உறையும் தட்டில் வைத்துவிடுவதுதான் ஆபத்து. உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது.

70-க்குக் கீழே போய், வியர்த்து நடுங்குகிறவருக்கு நினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108.

குத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடாதீர்கள், நேரே குத்துப்படாத கெட்டியான டப்பாவுக்குள் போக வேண்டும். அந்த டப்பா நிலையத்துக்குத் திரும்ப வேண்டும், வீட்டுக் குப்பையில் சேரக் கூடாது. உங்களுக்கே குத்திவிட்டால் பிழியாமல் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவிவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை.

அன்றைக்கே சொல்ல வேண்டியது

பகுதிநேர வேலை 11 மணிக்கு முடியும். நோய் முடியாது. அதனால் எதை அன்றைக்கே கைமாற்ற வேண்டும், எது வாராந்தரக் கூட்டம் வரை காத்திருக்கும் என்பது தெளிவாக இருக்க வேண்டும். 180/110 வந்தால் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்து, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வாய் குழறலோ ஒரு பக்கம் கை கால் தளர்வோ இருந்தால் 108. எந்தத் தொந்தரவும் இல்லையென்றாலும் அன்றே டாக்டர் பார்க்க வேண்டும். நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்துச் சட்டென்று இறக்கும் பழைய பழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. அது மூளைக்குப் போகும் ரத்தத்தையே குறைத்துவிடும், யார் சொன்னாலும் செய்யாதீர்கள். கர்ப்பிணிக்கு 140/90 வந்தாலே கிராம சுகாதார செவிலியருக்கு அன்றே போன் போக வேண்டும், 160/110 என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதம் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காசநோய்க்கான சளிப் பரிசோதனைக்குப் பெயர் கொடுங்கள். 140-க்கும் 180-க்கும் நடுவில் புதிதாக ஒருவருக்கு வந்தால் பதற வேண்டாம். வேறொரு நாளும் பார்த்து அப்போதும் இருந்தால் நிலையத்துக்கு அனுப்பலாம். ஒரே நாள் அளவை வைத்து ஒருவரை வாழ்நாள் முழுக்க பிரஷர்காரர் ஆக்கிவிடக் கூடாது.

மாதக் கடைசியில் உங்கள் பதிவேட்டை நீங்களே ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மேல் அளவு எத்தனை, அதில் சைபரில் முடிவது எத்தனை. பத்தில் ஒன்றை ஒட்டி இருந்தால் நிம்மதி. பத்தில் நாலு என்றால் எந்தத் தெருவில் சைபர்கள் குவிந்திருக்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் அது வெயில் ஏறிய பிறகு, பத்தரைக்கு மேல் போன தெருவாக இருக்கும். அந்தத் தெருவை அடுத்த மாதம் ஏழு மணிக்கு மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

குடம் சுமந்து வந்த அம்மாவின் வரியில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: காலை 7.40, உட்கார்ந்து, வலது கை, சுற்றளவு 24, 142/86, 138/84, மாத்திரை 18 மீதி, 8 நாள் விட்டிருக்கிறார், கால் வீக்கம் இரண்டு பக்கமும், டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதற்குள் மகன் கதை பாதிதான் முடிந்திருக்கும். அடுத்த தெருவுக்குக் கிளம்பும் முன் மீதியையும் கேட்டுவிடுங்கள். மாத்திரையை எட்டு நாள் ஏன் போடவில்லை என்பது பல நேரம் அந்த மீதியில் இருக்கும்.